விழட்டும், பார்த்துக்கலாம்!

வானத்திலிருந்து ஏதோ விழப்போகிறது என்று செய்தி வந்தால் நம்ம ஊரில் இரண்டே இரண்டு எதிர்வினைதான். ஒன்று, டி.வி.யில் தீப்பிழம்பு அனிமேஷனோடு ‘சென்னைக்கு ஆபத்தா?’ என்று ஒரு பெரிய கேள்விக்குறி. இன்னொன்று, ‘பூமியில் முக்கால்வாசி கடல் சார், நம்ம தலையிலயா விழப்போவுது? போய் வேலையைப் பாருங்க’ என்று ஒரு கொட்டாவி.

இரண்டுமே தப்பு என்கிறேன். இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: எங்கே விழும்? கேட்கவேண்டிய கேள்வி வேறு. யார் அதை இப்படி விழவிட்டார்கள்?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் பாதி விஞ்ஞானம், மீதி அரசியல்.

முதலில் விஞ்ஞானம். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறது. அங்கே காற்றே கிடையாது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருக்கிறது, மிக மிக மெல்லிசாக. ஆனால் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிற பொருளுக்கு அந்த மெல்லிசுக் காற்றே எதிர்க்காற்று. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சக்தி போகிறது, கொஞ்சம் கீழே இறங்குகிறது. கீழே காற்று இன்னும் அடர்த்தி. அதனால் இழப்பும் இன்னும் அதிகம். அதனால் இன்னும் இறக்கம். கந்துவட்டிக் கணக்குதான். ஆரம்பத்தில் மாசக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. கடைசி வாரத்தில் கழுத்தைப் பிடித்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. காற்று தடுத்தால் வேகம் குறையவேண்டும் இல்லையா? இங்கே கூடுகிறது! பாதை தாழத்தாழ வேகமும் கூடும், ஒரு சுற்றின் நீளமும் குறையும். ஒரு நாளைக்குப் பதினைந்தரை சுற்று போய்க்கொண்டிருந்தது 16 சுற்று போகும். 16.4 சுற்றை நெருங்கினால் கதை முடியப்போகிறது என்று அர்த்தம். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி, இந்தச் சுற்று எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை வைத்துத்தான் செயற்கைக்கோளின் மிச்ச ஆயுளைக் கணக்குப் போடுகிறார்கள்.

அந்த நாடிக்கு ஒரு ஜாதகமும் உண்டு. வானத்தில் சுற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி. வரிக்கு 69 எழுத்து. எந்தத் தேதி நிலவரம், பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, நாளைக்கு எத்தனை சுற்று, அது எந்த அளவில் கூடுகிறது, காற்றுத் தடை எவ்வளவு என்று எல்லாம் அதில் வெறும் எண்களாக இருக்கும். ரேடார்களை வைத்துப் பார்த்து இந்த ஜாதகத்தை எழுதி வெளியிடுவது பெரும்பாலும் அமெரிக்க ராணுவம். பெயரைப் பதிவு செய்துகொண்டால் நீங்களும் இறக்கிப் பார்க்கலாம்.

சரி, இவ்வளவு கணக்கு இருக்கிறதே, எப்போது எங்கே விழும் என்று சொல்லிவிடலாம்தானே?

முடியாது. காரணம், சூரியன்.

சூரியனில் 11 வருஷத்துக்கு ஒரு தடவை புள்ளிகள் பெருகும், கொந்தளிப்பு கூடும். அப்போது நம் வளிமண்டலத்தின் மேல்பகுதி சூடாகி, இட்லி மாவு பொங்குகிற மாதிரி மேலே எழும்பும். நேற்றுவரை காலியாக இருந்த உயரத்தில் இன்றைக்குக் காற்று வந்து நிற்கும். 2022 பிப்ரவரியில் எலான் மஸ்க்கின் கம்பெனி ஒரே ராக்கெட்டில் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை அனுப்பியது. மறுநாளே ஒரு புவிகாந்தப் புயல். அப்படியொன்றும் மகா பெரிய புயல்கூட இல்லை. 38 செயற்கைக்கோள்கள் மேலே ஏறமுடியாமல் திரும்பி வந்து எரிந்துபோயின. உலகத்தின் மிகப் பணக்கார ராக்கெட் கம்பெனிக்கே மறுநாள் காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்பது கணக்கில் பிடிபடவில்லை.

போதாததற்கு, செத்துப்போன செயற்கைக்கோள் ஒழுங்காகவும் பறப்பதில்லை. உருண்டு புரண்டு போகும். அகலவாக்கில் போனால் தடை அதிகம், நீளவாக்கில் போனால் குறைவு. எனவே நிபுணர்களிடம் ஒரு தோராய விதி இருக்கிறது. எவ்வளவு நேரம் பாக்கி இருக்கிறதோ, அதில் பத்து முதல் இருபது சதவிகிதம் முன்னே பின்னே ஆகலாம். பத்து நாள் பாக்கி என்றால் தப்பு ஒரு நாள், இரண்டு நாள். இரண்டு மணி நேரம்தான் பாக்கி என்றால் தப்பு 12 நிமிஷம் முதல் 24 நிமிஷம்வரை.

பன்னிரண்டு நிமிஷம்தானே என்கிறீர்களா? அது சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை போக எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் ஒன்றரை நிமிஷம். பன்னிரண்டு நிமிஷத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அதாவது விழுவதற்கு இரண்டு மணி நேரம் முன்புகூட, உங்கள் ஊரா, அரபிக்கடலா, ஆப்பிரிக்காவா என்று யாராலும் அடித்துச் சொல்லமுடியாது. சொன்னால் அவர் விஞ்ஞானி இல்லை, கிளி ஜோசியர்.

1972-ல் சோவியத் யூனியன் வெள்ளிக் கிரகத்துக்கு அனுப்பிய காஸ்மாஸ்-482, பூமியைவிட்டே போகமுடியாமல் 53 வருஷம் சுற்றிவிட்டு, 2025 மே 10-ம் தேதி விழுந்தது. வெள்ளியின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கச் செய்த அரை டன் உருண்டை. ஜகார்த்தாவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலில் விழுந்தது என்றது ரஷ்யா. மற்ற அமைப்புகளின் கணிப்பு ஆளுக்கு ஒரு இடமாக இருந்தது. 2025-லேயே நிலைமை இதுதான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இங்கேதான் அரசியல் ஆரம்பிக்கிறது.

‘கணிக்க முடியாது’ என்றவுடனே நாம் இதை இயற்கைச் சீற்றம் லிஸ்ட்டில் சேர்த்துவிடுகிறோம். பூகம்பம், புயல், சுனாமி, செயற்கைக்கோள்! நன்றாக இருக்கிறதே நியாயம். பூகம்பத்தை யாரும் ஃபேக்டரியில் செய்து அனுப்பவில்லை. இதைச் செய்தவர் உண்டு, அனுப்பியவர் உண்டு, பெயரும் நாடும் விலாசமும் உண்டு. வேலை முடிந்ததும் இறக்குவதற்குக் கொஞ்சம் எரிபொருள் மிச்சம் வைத்திருந்தால், ஆள் இல்லாத கடலைப் பார்த்து, நேரம் குறித்து, என்ஜினைப் போட்டு இறக்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் கணிப்பே தேவையில்லை. விழும் இடத்தை நாமே முடிவு செய்கிறோம்.

முடியுமா என்று கேட்காதீர்கள். முடித்துக் காட்டியிருக்கிறார்கள். 2001 மார்ச் 23 அன்று ரஷ்யா தன் மிர் விண்வெளி நிலையத்தை, 130 டன் எடையை, தென் பசிபிக் கடலில் திட்டமிட்டு இறக்கியது. அப்போது ரஷ்யாவின் கஜானா இருந்த லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையிலும் செய்தார்கள்.

அதற்கு 22 வருஷம் முன்னாடி பணக்கார அமெரிக்கா என்ன செய்தது? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஸ்கைலாப் கதை சொல்வார்கள். 77 டன் நிலையம். 1974 பிப்ரவரியில் கடைசி ஆள் இறங்கி வந்தாயிற்று. எண்பதுகளின் ஆரம்பம்வரை மேலேயே இருக்கும், அதற்குள் ஸ்பேஸ் ஷட்டில் வந்துவிடும், அதை வைத்து மேலே தள்ளிக்கொள்ளலாம் என்று நாசா கணக்குப் போட்டது. சூரியன் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கொந்தளித்தது. ஷட்டில் முதன்முதலாகப் பறந்ததே 1981-ல்தான். ஸ்கைலாப் அதுவரை காத்திருக்கவில்லை. 1979 ஜூலை 11 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் துண்டு துண்டாக வந்து விழுந்தது.

அந்த வாரம் இந்தியக் கிராமங்களில் ‘எப்படியும் சாகப்போறோம்’ என்று இருக்கிற ஆட்டையும் கோழியையும் அடித்துச் சாப்பிட்டுத் தீர்த்த கதைகள் ஏராளம். அந்தப் பீதியை வைத்து 2021-ல் தெலுங்கில் ‘ஸ்கைலாப்’ என்று ஒரு சினிமாவே வந்தது. நாம் இன்றைக்கு அந்த ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிக்கவேண்டியது அவர்களைப் பார்த்து இல்லை. இறக்க வழி இல்லாமலே 77 டன்னை மேலே ஏற்றியவர்களைப் பார்த்து.

ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் என்ற சின்ன ஊராட்சி அதைத்தான் செய்தது. தெருவில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம்! கேலிக்காகப் போட்ட அபராதம்தான். ஆனால் நாசா கட்டவில்லை. 30 வருஷம் கழித்து, 2009-ல், ஓர் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார்.

வேடிக்கை இல்லாத கதையும் உண்டு. 1978 ஜனவரி 24. சோவியத்தின் காஸ்மாஸ்-954 வடக்குக் கனடாவில் விழுந்தது. உள்ளே இருந்தது அணு உலை. பனிக்காட்டில் கதிர்வீச்சுத் துண்டுகளைத் தேடிப் பொறுக்க மாதக்கணக்கில் ஆனது. கனடா 60 லட்சம் டாலருக்குப் பில் அனுப்பியது. சோவியத் 1981-ல் கொடுத்தது 30 லட்சம். பாதிக்குப் பாதி தள்ளுபடி, ஆடிக் கழிவு மாதிரி.

விழுந்து சேதமானால் அனுப்பிய நாடு நஷ்டஈடு தரவேண்டும் என்று 1972-லேயே சர்வதேச ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கட்டுப்பாடில்லாமல் விழவிடாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. அடிபட்டபின் ஆஸ்பத்திரிச் செலவு தருகிறேன், ஆனால் பிரேக் வைக்கமாட்டேன் என்று ஒரு பஸ் கம்பெனி சொன்னால் நீங்கள் ஏறுவீர்களா?

இப்போது சீனாவுக்கு வருவோம். லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் சுமார் 20 டன் நடுப்பகுதி சுற்றுப்பாதைவரை போய், தானாக விழும்படியே விடப்பட்டது. 2020-ல் அதன் துண்டுகள் ஐவரி கோஸ்ட் கிராமங்களில் கிடந்தன. 2021 மே மாதம் மாலத்தீவு அருகே கடலில் விழுந்தது. 2022 ஜூலையில் மலேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம். அதே வருஷம் நவம்பர் 4 அன்று, இன்னொன்று விழும் நேரத்தில் ஸ்பெயின் தன் வான்வெளியில் ஒரு பகுதியைச் சுமார் 40 நிமிஷம் மூடியது. நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதம். கடைசியில் அது விழுந்தது எங்கே? பசிபிக் கடலில்! ஸ்பெயின் அதிகாரிகளைக் குறை சொல்லாதீர்கள். மேலே சொன்ன பன்னிரண்டு நிமிஷக் கணக்கு அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மூடினார்கள்.

2021-ல் ‘சேதத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு’ என்றது சீன வெளியுறவுத் துறை. ‘சீனா பொறுப்பாக நடந்துகொள்ளவில்லை’ என்று கண்டித்தார் நாசா தலைவர் பில் நெல்சன். நியாயமான கண்டனம். ஆனால் அதற்கு இரண்டே மாதம் முன்னால் நாசா என்ன செய்திருந்தது தெரியுமா? சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 2.6 டன் பழைய பேட்டரி மூட்டையைக் கழற்றி, தானாக விழட்டும் என்று விட்டிருந்தது. முழுசாக எரிந்துவிடும் என்றார்கள். மூன்று வருஷம் சுற்றிவிட்டு 2024 மார்ச் 8 அன்று வந்தது. அதில் முக்கால் கிலோ உலோகத் துண்டு ஒன்று எரியாமல், ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு, இரண்டு மாடியையும் தாண்டி இறங்கியது. எங்களுடையதுதான் என்று நாசா ஒப்புக்கொண்டது. விண்வெளி விஷயத்தில் அடுத்தவன் குப்பைதான் எல்லோருக்கும் நாறுகிறது.

நம்ம வீட்டையும் பார்க்கவேண்டாமா?

2019 மார்ச் 27. ‘மிஷன் சக்தி’ என்று நம் சொந்த செயற்கைக்கோளை நாமே ஏவுகணையால் உடைத்தோம். 45 நாளில் எல்லாத் துண்டும் விழுந்துவிடும் என்றது டி.ஆர்.டி.ஓ. இடித்த வேகத்தில் சில துண்டுகள் உயரப் பாதைக்குத் தூக்கி எறியப்பட்டன. ஒரு வருஷம் கழித்தும் சில மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அந்த 45 நாள் கணக்கைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம் கேட்டீர்களா? தேசபக்தி வந்து நின்றால் இயற்பியல் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறது.

2022 அக்டோபரில் நம்முடைய ரிசாட்-2, எரிபொருள் தீர்ந்த நிலையில், ஜகார்த்தா அருகே கடலில் தானாக விழுந்தது. 2023 நவம்பர் 15-ல் சந்திரயான்-3ஐ ஏற்றிப்போன ராக்கெட்டின் மேல்பகுதி, கட்டுப்பாடில்லாமல் வட பசிபிக்கில் விழுந்தது. அதன் கடைசிப் பாதை இந்தியாவின் மேல் போகவில்லை என்று இஸ்ரோ அறிவித்தது. ரொம்ப சந்தோஷம். வேறு யார் வீட்டு மேல் போயிற்று என்று நாம் கேட்டோமா?

அதே இஸ்ரோவைப் பாராட்டவும் வேண்டும். மேகா-ட்ராபிக்ஸ் என்று ஒரு டன் எடையுள்ள செயற்கைக்கோள். 2011-ல் போனது. சும்மா விட்டிருந்தால் இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் சுற்றும். இறக்குவதற்கென்று வடிவமைக்கப்பட்டதும் இல்லை. ஆனால் மிச்சமிருந்த சுமார் 125 கிலோ எரிபொருளை வைத்து, படிப்படியாகப் பாதையைத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலில் குறிபார்த்து இறக்கினார்கள். டி.வி.யில் இதற்கு அனிமேஷன் போட்டார்களா? ஆபத்து இல்லாத செய்தி அவர்களுக்குச் செய்தியே இல்லை.

‘சார், இதுவரை யாரும் சாகலையே’ என்பீர்கள். பத்தாயிரத்தில் ஒன்றுக்குமேல் ஆபத்து இருக்கக்கூடாது என்று அமெரிக்காவில் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஒரு தடவை விழுவதற்கான கணக்கு. ஒரே ஒரு சீட்டு வாங்கினால் லாட்டரி விழாது. வருஷம் முழுக்க வாங்கிக்கொண்டே இருந்தால்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இப்படியே விட்டால், பத்து வருஷத்தில் ராக்கெட் பாகம் விழுந்து ஒருவராவது பாதிக்கப்பட சுமார் பத்து சதவிகித வாய்ப்பு.

அதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொன்னார்கள். நியூயார்க், பெய்ஜிங், மாஸ்கோ இருக்கும் அட்சரேகைகளைவிட, ஜகார்த்தா, டாக்கா, லாகோஸ் இருக்கும் அட்சரேகைகளில் ராக்கெட் உடல்கள் விழுவதற்கு மூன்று மடங்கு வாய்ப்பு. பல ராக்கெட் பாகங்களின் பாதைகள் பூமத்திய ரேகையை ஒட்டியே போவதால் வருகிற வினை. ஏவுகிறவன் வடக்கே, தலையைக் காட்டுகிறவன் நடுவில். சென்னை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அட்லஸை எடுத்துப் பாருங்கள்.

நம்ம நாட்டிலும் விழாமல் இல்லை. 2022 ஏப்ரல் 2 ராத்திரி மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் சுமார் மூன்று மீட்டர் குறுக்களவுள்ள ஓர் உலோக வளையம் கிராமத்தில் வந்து விழுந்தது. சீன ராக்கெட்டின் பாகமாக இருக்கலாம் என்றார்கள் நிபுணர்கள். பொறுப்பேற்று யாராவது வந்தார்களா? வளையத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது.

என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். மூன்று விஷயம்.

ஒன்று. இறக்குவதற்கு எரிபொருள் இல்லாத பெரிய ராக்கெட் பாகத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் ஏவ அனுமதி கூடாது. எடை கூடும், செலவு கூடும் என்பார்கள். காருக்கு பிரேக் வைத்தாலும்தான் எடை கூடுகிறது. 2030-க்குள் தன் பயணங்களில் குப்பையே சேராமல் பார்த்துக்கொள்வோம் என்று இஸ்ரோ 2024-ல் அறிவித்திருக்கிறது. அதில் கட்டுப்பாடான இறக்கமும் கட்டாயமா என்று நம் எம்.பி.க்கள் கேட்கவேண்டும். இந்தியாவிலும் தனியார் ராக்கெட் கம்பெனிகள் வந்துவிட்டன. அவர்களுக்கும் இதே சட்டம்.

இரண்டு. ஜாதகம் ஒரே நாட்டு ராணுவத்தின் கையில் இருக்கக்கூடாது. அமெரிக்கா தன் உளவு செயற்கைக்கோள்களின் பாதையை வெளியிடுவதில்லை. 2008 பிப்ரவரியில் யு.எஸ்.ஏ-193 என்ற அப்படியொரு உளவு செயற்கைக்கோள் விழவிருந்தபோது (ஏவுகணையால் உடைத்தார்கள்), அதன் பாதையைப் பின்தொடர்ந்து உலகத்துக்குச் சொன்னவர்கள், மொட்டை மாடியில் பைனாகுலரும் ஸ்டாப் வாட்சும் வைத்துக்கொண்டு நின்ற சாதாரண மனிதர்கள். 1966-ல் சோவியத்தின் ரகசிய ஏவுதளமான பிளெசெட்ஸ்க்கைக் கண்டுபிடித்துச் சொன்னது இங்கிலாந்தின் கெட்டரிங் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் மாணவர்களும்தான். சுற்றுப்பாதைக் கணக்கு அவர்களுக்கு வந்தபோது நம் கல்லூரிகளுக்கு வராதா? இஸ்ரோ தன் ரேடார் கணிப்புகளை, எத்தனை நிமிஷம் தப்பலாம் என்பதோடு சேர்த்து, பொதுவில் வைக்கட்டும்.

மூன்று. அடுத்த தடவை டி.வி.யில் தீப்பிழம்பு வரும்போது, அந்தச் செய்தியில் நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். அது யாருடையது? எத்தனை டன்? எத்தனை மணி நேரம் முன்னே பின்னே ஆகும்? இறக்க வழி இருந்ததா, இருந்தும் ஏன் செய்யவில்லை? இந்த நாலும் இல்லாமல் ‘சென்னைக்கு ஆபத்தா?’ என்று மட்டும் கேட்டால் சேனலை மாற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தினமும் பூந்தொட்டி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொட்டி எந்த நேரத்தில் யார் மேல் விழும் என்று பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டீர்கள். மாடிப்படி ஏறிப்போய்க் கதவைத் தட்டுவீர்கள்.

தட்டவேண்டிய கதவுகள் வாஷிங்டனில், பெய்ஜிங்கில், மாஸ்கோவில் இருக்கின்றன. பெங்களூரிலும் ஒன்று இருக்கிறது. அதுதான் பக்கம். அங்கிருந்து ஆரம்பிப்போம்.